முங்கி எழும் கிட்டார்

மச்சான்,

உன் மகன் நேற்று கொண்டுவந்து கொடுத்த பெட்டியை இன்று காலைதான் திறந்தேன். திறந்ததும் தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது. காறிப்போன பழைய எண்ணெய் இல்லை, சமீபத்தில் தடவியது. கிட்டார் மரத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவுகிற ஆள் இந்த ஜில்லாவிலேயே நீ ஒருவன்தான். சின்ன வயசில் வீட்டு வீணைக்குத் தடவிய பழக்கம். வேண்டாம் என்று நான் எத்தனை தரம் சொல்லியும் நீ விட்டதில்லை. கம்பிகளைத் தொட்டுப் பார்த்தேன். ஆறும் புதுசு. சுருதி துளிகூட இறங்கவில்லை. கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டுக் கூடத்தில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, செத்துப் போன ஒருவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அடுக்களையிலிருந்து என் மருமகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"வித்துட்டேன் மச்சான், பாண்டிச்சேரில ஒருத்தன் வாங்கிக்கினான்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவன் நீ. நான் நம்பினேன். இத்தனை வருஷமும் நம்பினேன். உன் வீட்டுக்கு வந்தபோதெல்லாம், கிட்டாரை விற்றவன் மனசு நோகக்கூடாது என்று அந்தப் பேச்சையே எடுக்காமல் சர்க்கரை வியாதியையும் பென்ஷனையும் பேசிவிட்டுத் திரும்பினேன். உன்மேல் இரக்கம் வேறு பட்டேன். அந்த இரக்கத்தைத் திருப்பிக் கொடு.

நமக்கு அப்போது இருபது, இருபத்திரண்டு வயசு. அறுபதுகளின் தொடக்கம். நான் கடலூர் துறைமுகத்தில் படகில் ஏறும் சரக்கைக் குறிக்கிற குமாஸ்தா. தேவனாம்பட்டினத்தில் கட்டுமரம் தள்ளுகிற வீட்டிலிருந்து பேனா பிடிக்கப் போன முதல் ஆள். நீ சிதம்பரம் மேல வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகன். மஞ்சக்குப்பத்தில் சர்வே ஆபீசில் வரைபடம் போடுகிற வேலை. என் கிட்டார் கப்பலில் வந்த ஒரு மாலுமி என்னிடம் விட்டுப் போனது. உன்னுடையது, பாண்டிச்சேரியிலிருந்து பிரான்சுக்கு மூட்டை கட்டிய ஒரு குடும்பத்திடம் வாங்கியது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு சாயங்காலம் நான் உட்கார்ந்து கம்பியை மீட்டிக்கொண்டிருந்தேன். நீ சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, "இன்னாங்க வாசிக்கிறீங்க, ரேடியோல வர்ற ஜாஸா?" என்று கேட்டாய். அந்த வார்த்தையைச் சொன்ன இன்னொரு ஆளை அதுவரை நான் கடலூரில் கண்டதில்லை. ஒரு வாரத்தில் 'நீங்க' போய் 'நீ' வந்தது. அடுத்த வாரம் 'மச்சான்' வந்தது.

உன் வாடகை அறையில்தான் அந்த ரேடியோ இருந்தது. உன் ரேடியோ. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது, உனக்கே தெரியும். ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துப் பக்கத்து வீட்டுத் தென்னையில் கட்டியிருந்தாய். அந்த வீட்டுக்காரர் தேங்காய் பறிக்க ஆள் ஏற்றும்போதெல்லாம் ஒயர் அறுந்தது. சிற்றலையில் ஏதோ ஒரு வெளிநாட்டு நிலையம் சாயங்காலத்தில் கொஞ்ச நேரம் ஜாஸ் போடும். இசைத்தட்டு வாங்க நமக்கு வக்கில்லை. சொல்லிக்கொடுக்க வாத்தியாரும் இல்லை. எல்லாம் காதால் பிடித்ததுதான். முதல் அடியை நீ பிடித்து வைத்துக்கொள்வாய், அடுத்ததை நான். நிகழ்ச்சி முடிந்ததும் இரண்டையும் ஒட்டிப் பார்ப்போம். நடுவில் ஒன்றிரண்டு அடி யாரிடமும் இருக்காது. அதற்குச் சண்டை போடுவோம்.

சிற்றலையில் சத்தம் நிலையாக நிற்காது. நன்றாக வந்துகொண்டிருப்பது மெல்லத் தேய்ந்து தேய்ந்து காணாமல் போகும், அப்புறம் மெதுவாக ஏறி வரும். அது வானத்தின் வேலை, வாசிக்கிறவன் வேலை இல்லை என்று இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நமக்குத் தெரியவில்லை. அமெரிக்காக்காரன் அப்படித்தான் வாசிக்கிறான் என்று நினைத்தோம். ஓங்கி வாசித்துக்கொண்டே வந்து, விரலைத் தளர்த்தித் தளர்த்தி, கம்பியைத் தொடுகிறோமா இல்லையா என்று தெரியாத அளவுக்கு இறங்கி, பிறகு திரும்ப ஏறுவது. அதற்கு 'முங்குறது' என்று பேர் வைத்தது நான். கடல்காரன் வேறென்ன பேர் வைப்பான்? "இப்ப முங்கு மச்சான்" என்று நீ புருவத்தைக் காட்டுவாய். இருவரும் சேர்ந்து இறங்கி, ஒரு மூச்சுக்கூட முன்னே பின்னே ஆகாமல் சேர்ந்து எழுவோம். அதைப் பழக ஒரு மழைக்காலம் பூராவும் ஆயிற்று.

அதே ரேடியோவில் செய்தி வாசிக்கிறவன் குரலும்தான் முங்கியது. அது நமக்கு உறைத்ததா? செய்தி முங்கினால் ரேடியோவின் மண்டையில் தட்டினோம். பாட்டு முங்கினால் ஆகா என்று தலையாட்டினோம். இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் உன்மேல் ஆத்திரம் வருகிறது.

முறை வைத்து வாசிப்பதையும் அதே ரேடியோவில்தான் பிடித்தோம். அது பிழையில்லை, உலகம் பூராவும் ஜாஸ்காரர்கள் செய்வது. பாட்டைச் சேர்ந்து வாசித்த பிறகு ஒரு சுற்று உன்னுடையது: மனசில் வந்ததை வந்தபடி நீ வாசிப்பாய், நான் அடியில் பல சுரங்களைச் சேர்த்து மீட்டுகிற கார்ட்ஸ் பிடித்துத் தாங்குவேன். அடுத்த சுற்று என்னுடையது, நீ தாங்குவாய். உன் சுற்றில் வீணை வாடை அடிக்கும். கம்பியை இழுத்து இழுத்துக் கமகம் போடுவாய். என் சுற்றில் எப்போதும் ஒரு அவசரம். "ஏன்டா, பின்னால நாய் தொரத்துதா?" என்று கேட்பாய். ஆனால் என் சுற்றுக்கு நடுவில் நீ ஒருநாளும் கை வைத்ததில்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவனாம்பட்டினம் கரையில், மணலில் ஏற்றிப் போட்ட கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்து வாசிப்போம். வலை பிரித்துக்கொண்டிருப்பவர்கள் கேட்பார்கள். ஒருநாள் எங்கம்மா வெகுநேரம் நின்று கேட்டுவிட்டு, "இன்னாடா, பாட்றவன் இன்னும் வர்லியா?" என்றாள். பாடுகிறவன் கிடையாது என்று நான் சொன்னேன். "அப்ப யாருக்காவக் காத்துக்கினு இருக்கீங்க?" என்றாள். நீ மணலில் விழுந்து சிரித்தாய். அன்றைக்கு எங்கள் வீட்டில் உட்கார்ந்து சுறாப்புட்டு மூன்று தரம் வாங்கித் தின்றுவிட்டு, "மேல வீதில மட்டும் சொல்லிடாத மச்சான்" என்றாய். விளையாட்டாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

மனுஷர்கள் முன்னால் மேடையேறி முதலில் வாசித்தது சேத்தியாத்தோப்பில், உன் ஆபீஸ் சிநேகிதன் கல்யாண வரவேற்பில். ஜனங்கள் பாட்டுக்குச் சாப்பிட்டார்கள். நாம் முங்கியபோது மட்டும் மைக் போய்விட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தார்கள். மைக்செட்காரர் ஓடிவந்து ஒயரை ஆட்டிப் பார்த்தார். அவர் ஆட்டவும் நாம் எழவும் சரியாக இருந்தது. தான்தான் சரி செய்ததாக நினைத்துக்கொண்டு அவர் இடுப்பில் கை வைத்து நின்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பிறகுதான் சிதம்பரம். ஏற்பாடு செய்தது நீ. உங்கள் தெரு வாலிபர் மன்றத்து ஆண்டு விழா, மேல வீதியில் ஒரு கல்யாண மண்டபத்தில். இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே உனக்குத் தூக்கம் இல்லை. உன் அப்பா உன்னை வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்கப்பா ஒரு தடவ முன்வரிசைல உக்காந்து கேட்டாப் போதும் மச்சான். நாலு பேரு கை தட்டுறத அவரு பாக்கணும். அப்பறம் துணி கிழிக்கக் கூப்பிட மாட்டாரு. நீயும் நானும் வாசிச்சிக்கினே இருக்கலாம்." அதை நீ ஒரு தரம் சொல்லவில்லை, தினம் சொன்னாய். எனக்கும் அதற்குமேல் ஒரு ஆசையும் கிடையாது. துறைமுகத்து வேலை சோற்றுக்கு, மற்றதற்கெல்லாம் இது. அதனால்தான் சொல்கிறேன், அன்றைக்கு நீ விட்டுவிட்டுப் போனது ஒரு மேடையை இல்லை.

மூன்று பாட்டு வாசிப்பதாக இருந்தோம். முதல் பாட்டுக்குக் கூட்டம் அடங்கிவிட்டது. உங்கள் தெருக்காரர்களுக்குக் காது உண்டு. தினம் நாதஸ்வரம் கேட்கிறவர்கள், பழக்கமில்லாத பாட்டானாலும் ஓட்டம் தெரிந்தது. உன் அப்பா விரலால் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய், உன் காது சிவந்தது. இரண்டாவது பாட்டில் நாம் முங்கினோம். அதுவரை வாசித்ததிலேயே நல்ல முங்கல் அதுதான் என்று இன்றும் சத்தியம் செய்வேன். மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

சிரித்தவர் தலைமை தாங்க வந்த பெரியவர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், வீட்டில் அலமாரி நிறைய இசைத்தட்டு வைத்திருக்கிறவர். பாட்டு முடிந்ததும் மைக்கைப் பிடித்தார். "தம்பிகள் கெட்டிக்காரங்க. ஆனா இவங்க பாட்டை மட்டும் கத்துக்கல, ரேடியோ கோளாறையும் சேத்து மனப்பாடம் பண்ணியிருக்காங்க. சிற்றலையில சத்தம் இறங்கி ஏறும் பாருங்க, அதையும் விடாம வாசிக்கிறாங்க" என்றார். மண்டபம் சிரித்தது. உன் அப்பாவும் சிரித்தார். அந்தப் பெரியவர்மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. அவர் தெரிந்ததைச் சொன்னார், கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் கைகூடத் தட்டினார். அடுத்த பாட்டை வாசித்திருந்தால் அந்தச் சிரிப்பு அங்கேயே முடிந்திருக்கும்.

நீ எழுந்தாய். மைக்குக்குப் போனாய். "ரேடியோல கேட்டு இவன்தான் கத்துக்குடுத்தான். குப்பத்துப் பையன், இவனுக்கு வெவரம் தெரியல. நான் இவன் சொன்ன மாதிரி வாசிச்சேன்" என்றாய். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் படியில் இறங்கிப் போனாய். திரும்பிப் பார்க்கவில்லை.

யார் ரேடியோ மச்சான் அது? யார் கட்டிய ஒயர்? புருவத்தைக் காட்டி முங்கச் சொன்னது யார்? எங்கம்மா கையால் தின்ற வாய்தானே அது, 'குப்பத்துப் பையன்' என்று சொன்னது?

நான் இறங்கவில்லை. எழுந்து போக எனக்கும் கால் இருந்தது, போகவில்லை. மூன்றாவது பாட்டைத் தனியாக வாசித்தேன். உன் சுற்று வந்தபோது அதையும் நானே வாசித்தேன், கோபத்தில், கண்டபடி. கம்பி ஒன்று அறுந்தது, ஐந்தில் வாசித்தேன். முங்க வேண்டிய இடத்தில் முங்கினேன். சிரித்தவர்கள் சிரித்தார்கள். முடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, ரயிலடிக்கு நடந்தேன்.

மறுவாரம் உன் அறைக்கு வந்தால் ரேடியோ இருந்த இடம் காலி. தென்னையில் ஒயர் மட்டும் தொங்கியது. நீ தலையைக் குனிந்துகொண்டு, "அது நமக்கு வராது மச்சான். வுட்டுடு" என்றாய். அப்போதுதான் கிட்டாரை விற்ற கதையும் சொன்னாய். ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால் அந்த நிமிஷமே முதுகில் ஒரு குத்து விட்டுவிட்டு டீ குடிக்கக் கூட்டிப் போயிருப்பேன். நீ கேட்கவில்லை. சீக்கிரமே வேலையை விட்டுவிட்டுக் கடையில் போய் உட்கார்ந்தாய். உன் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டாய், வந்தேன். என் கல்யாணத்துக்கு நீ வேட்டி சேலை எடுத்து வந்தாய், வாங்கிக்கொண்டேன். நல்லது கெட்டதுக்கு ஒருவரையொருவர் பார்த்தோம். மூன்றாவது பாட்டைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

நான் வாசிப்பதை விடவில்லை. மெல்லிசைக் குழுக்களில் வாசித்தேன், மாதா கோயில் திருவிழாக்களில் வாசித்தேன். பழக்க தோஷத்தில் எங்காவது முங்கிவிடுவேன். "அண்ணே, வால்யூம் எங்கண்ணே போச்சு?" என்று பையன்கள் கத்துவார்கள். கூட இறங்கி ஏற ஒரு ஆள் இல்லாமல் அது நன்றாகவும் இல்லை. சேர்ந்து வாசித்த எத்தனையோ பேரில் ஒருவனுக்கும் அது பிடிபடவில்லை.

இன்று காலை அந்தப் புதுக்கம்பியைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். காரியத்தன்று உன் வீட்டில் ஊரே கூடியிருந்ததில் உன் மனைவியிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. இன்று தங்கச்சி தனியாகத்தான் இருந்தாள். "உண்மையச் சொல்லும்மா, அவன் கிட்டார் வாசிச்சானா?" என்று வாசலிலேயே கேட்டேன். பாவம், பயந்துவிட்டாள். உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டுத்தான் சொன்னாள்.

"தெனம் வாசிப்பாருண்ணே. கல்யாணம் ஆயி வந்த நாள்லேருந்து. மத்தியானம் கடையச் சாத்திட்டு வந்து சாப்ட்டாருன்னா ரூம் கதவத் தாப்பா போட்டுக்குவாரு. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு, உங்ககிட்ட சுத்தமா மூச்சு வுடக்கூடாதுன்னாரு. சத்தம் நல்லா வரும், அப்பறம் அப்பிடியே கம்மியாப் போவும். தூங்கிட்டாரோன்னு நெனைப்பேன். மறுபடி வரும்."

முங்கியிருக்கிறாய். கோளாறு என்று மைக்கில் ஒப்புக்கொண்டு என் தலையில் கட்டினாயே, அதை ஆயுசு பூராவும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாசித்திருக்கிறாய்.

மோரை வைத்துவிட்டு நான் எழப் போனேன். அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

"ஒண்ணுதாண்ணே எனக்குப் புரியல. நடுவுல நடுவுல வாசிக்காம சும்மா உக்காந்திருப்பாரு. கையி கம்பி மேலயே இருக்கும், காலு மட்டும் மெதுவாத் தட்டும். ஒரு நாளு காப்பி குடுக்கப் போனப்ப, என்னாங்க நிறுத்திட்டீங்கன்னு கேட்டேன். 'பேசாத, அவன் வாசிக்கிறான்'னாரு. ரூம்ல யாருமே இல்லண்ணே. நான் பயந்து போயி அப்பறம் கேக்கவே இல்ல."

அவள் முன்னால் அழக்கூடாது என்று வாசலுக்கு வந்துவிட்டேன். வெயிலில் நின்று அழுதேன். அழுகை நின்றதும் கோபம் இரண்டு பங்காக வந்தது. சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் எவ்வளவு தூரம்டா? பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடும். ஒரு கார்டு போட்டிருந்தால் நடந்தேகூட வந்திருப்பேன். எனக்கென்று இடம் விட்டு வைத்தாய், அந்த இடத்துக்கு என்னைக் கூப்பிட மட்டும் உனக்கு வாய் வரவில்லை. உன் காதுக்குள் நான் என்னென்ன வாசித்தேனோ, நன்றாக வாசித்தேனா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறவனை வைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வாசித்த ஒரே முட்டாள் நீதான். இதற்கு உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை. மேடையில் சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம்.

பஸ் ஸ்டாண்டில் உன் மகன் வந்து பிடித்துக்கொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் படத்திறப்பு. மேல வீதியிலேயே ஒரு மண்டபம் பிடித்திருக்கிறார்களாம். "நீங்க அப்பாவப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும் மாமா" என்றான். பேச மாட்டேன், வாசிக்கிறேன் என்றேன். அவன் தயங்கினான். "துக்க காரியம் மாமா, தெருவுல ஒரு மாதிரி பேசுவாங்க. சிரிச்சாலும் சிரிப்பாங்க" என்றான். சிரிக்கட்டும் என்றேன். எனக்கு அது பழக்கம்தான்.

அந்த மூன்றாவது பாட்டைத்தான் வாசிக்கப் போகிறேன். என் சுற்றை நான் வாசிப்பேன். உன் சுற்று வரும்போது அடியில் கார்ட்ஸ் மட்டும் பிடித்துக்கொண்டு இருப்பேன். எத்தனை பேர் நெளிந்தாலும், எவன் மைக்கை ஆட்டிப் பார்த்தாலும், அதை நிரப்ப மாட்டேன். முங்க வேண்டிய இடத்தில் அடி வரைக்கும் முங்குவேன். உன்னைப் படமாக்கி, மாலை போட்டு, மேடைமேலேயே ஆணியடித்து மாட்டியிருப்பார்கள். இந்தத் தடவை நீ இறங்கிப் போய்விட முடியாது மச்சான்.